மூக்குக்காரி

ஜானகிராமன் முதன்முதலாக வந்த அன்று நான் ஒரு பாட்டிலின் வாயில் மூக்கை வைத்துக்கொண்டு, குடல் மேலே வராமல் இருக்க வயிற்றை எக்கிப் பிடித்திருந்தேன். அந்தப் பாட்டிலில் யாரோ மீன் எண்ணெய் ஊற்றி வைத்திருந்திருக்கிறார்கள். மூன்று தடவை சோடாக்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தது. பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. மூக்குக்கு மட்டும்தான் அதன் பழைய குடித்தனம் தெரியும். இடது பக்கம் தள்ளி வைத்தேன். இடது பக்கம் வைத்தால் உடைக்கப் போகும், வலது பக்கம் வைத்தால் அதில் பீர் நிரம்பும். ஒரு நாளைக்கு முந்நூறு பாட்டில். அதுதான் என் உத்தியோகம்.

பீர் பாட்டிலை நம் சனங்கள் என்னென்ன செய்வார்கள் என்று என்னைக் கேட்டால் சாயங்காலம் வரைக்கும் சொல்வேன். நல்லெண்ணெய் வைப்பார்கள். பினாயில் வைப்பார்கள். மாட்டுக்குப் புகட்டுகிற கஷாயம் வைப்பார்கள். டாக்டர் கேட்டார் என்று மூத்திரம் பிடித்துக்கொண்டு போவார்கள். கருமம்! பிறகு அதையே தெருவில் வருகிற பழைய பாட்டில்காரனிடம் போட்டு, பேரீச்சம்பழம் வாங்கித் தின்பார்கள். இதெல்லாம் கழுவினால் ஒருவழியாகப் போய்த் தொலையும். எதற்கும் போகாதது கிருஷ்ணாயில். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ஒவ்வொரு கையிலும் ஒரு பீர் பாட்டில் இருக்கும். வாயில் துணியைச் சுருட்டி அடைத்து, அடுப்படி மூலையில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அந்த மண்ணெண்ணெய் நாற்றம் கண்ணாடியின் வாய் விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் மோந்து பார்த்தால் தெரியாது. பீரை ஊற்றி மூடி போட்டுப் பத்து நாள் கழித்துத் திறந்தால், குடிக்கிறவன் தொண்டையில் தெரியும்.

பீரை நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. குடிக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பு. என் அப்பன் சாராயக்கடைக்கும் வீட்டுக்குமாக நடந்தே செத்தான். வாந்தியைக் கழுவிக் கழுவித்தான் எனக்கு இந்த மூக்கே வந்தது என்று நினைக்கிறேன். கதவைத் திறக்கும் முன்பே அவன் எந்தக் கடையில் குடித்தான் என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்கை வைத்தே பிழைக்க வேண்டியதாயிற்று பாருங்கள்.

எனக்கு வேலை கொடுத்தவர் கோவிந்தராசு. பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பான்சியோன், அதாவது பென்ஷன், வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரும் ஒரு சொல்தா. ஐயா என்பதற்கு முசியே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சைகோனில் ஏதோ வெடித்து மூக்கெலும்பு நொறுங்கிப்போனது. பிறகு பிரெஞ்சு தேசத்தில் ஸ்த்ராஸ்பூர் பக்கம் முகாமில் இருந்தபோது, லீவு நாட்களில் ஒரு கிராமத்துக் கிழவனோடு சேர்ந்து பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஊருக்கு வந்து, நெல்லித்தோப்புக்குப் பின்னால் ஒரு பழைய நெல் கிடங்கை வாங்கி, லைசென்ஸ் எடுத்து, இரண்டு செம்பு அண்டாவை வைத்துக் காய்ச்ச ஆரம்பித்தார். பாட்டிலில் ஒற்றைக் காலில் நிற்கிற ஒரு பறவைப் படம் ஒட்டுவார். அது அந்த ஊர்ப் பறவையாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது கொக்கு. கொக்கு பீர் என்றால்தான் கடைக்காரனுக்கும் தெரியும்.

அவர் ஒன்றும் தங்கமான மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களையெல்லாம் காட்டான்கள் என்பார். நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபத்தாறில். ஐந்து வருஷத்தில் எனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று ஒருநாள் கேட்டதில்லை. மீசையில் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்க, அதோடேயே எதிரில் நின்று பேசுவார். பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். ஆனால் வேலை என்று வந்தால் மனிதர் பைத்தியம். அண்டாவில் கொதிக்கிறதைத் தொட்டும் நாக்கில் வைத்தும் சூடும் கசப்பும் சொல்லிவிடுவார். வாசனை மட்டும் அவருக்குக் கிடையாது. நொறுங்கிய மூக்கு. அழுகிய முட்டையை எதிரில் உடைத்து வைத்தாலும் தெரியாது. அதனால்தான் நான்.

என் வேலைக்குச் சட்டங்கள் உண்டு. தலையில் பூ கூடாது. எண்ணெய் கூடாது. முகத்துக்கு மஞ்சளோ பவுடரோ கூடாது. காலையில் கருவாடு, மீன் வாயில் படக்கூடாது. நாற்பது பாட்டிலுக்கு ஒருதரம் முழங்கை மடிப்பை மோந்து கொள்ள வேண்டும். சொந்த உடம்பின் வாசனை பட்டால்தான் மூக்கு திரும்ப வேலை செய்யும். தாலியைக் கட்டிக்கொண்டு வறட்டுத் தலையும் மஞ்சள் பூசாத முகமுமாக நான் தெருவில் போனால் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். "பாவாட உயிரோடதான இருக்கான்?" என்று ஒருத்தி என் காதுபடக் கேட்டாள். பாவாடை என் புருஷன். மில்லில் நூல் பிரிவில் இருந்தான். மில்லை இழுத்து மூடி இரண்டு வருஷமாகியிருந்தது. உயிரோடுதான் இருந்தான். சுவர் பக்கம் திரும்பிப் படுத்தபடி இருந்தான்.

நாள்தோறும் அஞ்சு மணிக்கு கோவிந்தராசு வருவார். இடது பக்கம் இருக்கிற பாட்டில்களை எண்ணாமல் எடுத்து, கிடங்கின் பின்பக்கம் கருங்கல்லில் ஒவ்வொன்றாக அடித்து உடைப்பார். தானே உடைப்பார், வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். ஒரு கூடை உடைப்பு தினம் சேரும். "அத என்னா முசியே, விக்கலாமே" என்று நான் ஒருதரம் கேட்டேன். "உடைக்காத பாட்டில் சுத்திக்கிட்டே இருக்கும், அஞ்சலா. சுத்தி எங்கிட்டயேதான் வரும்" என்றார். புது சரக்கு தயாரானால் முதல் பாட்டிலை என் எதிரில்தான் திறப்பார். என் மூக்கடியில் நீட்டி, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், "சொல்லு" என்பார். நான் தலையாட்டினால்தான் வண்டியில் ஏற்றுவார்கள். இல்லை என்றால் மொத்த அண்டாவும் சாக்கடைக்குப் போகும். இரண்டு தரம் போயிருக்கிறது. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. என் பேச்சை மறுபேச்சில்லாமல் நம்பிய ஒரே ஆம்பிளை அவர்தான்.

ஊருக்கு மேற்கே பெரிய பீர் கம்பெனி வந்து அப்போது மூன்று வருஷம். மதில்சுவரே அரை மைல் இருக்கும். அங்கே மிஷின் பாட்டில் கழுவியது, மிஷின் நிரப்பியது, மிஷின் மூடி போட்டது. மூக்கு வைக்கத்தான் மிஷின் இல்லை. "கம்பெனி பீர குடிச்சிட்டு பீடி பத்த வக்காத, மூஞ்சி தீஞ்சிடும்" என்று கடைகளில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கம்பெனிக்குள் எட்டியதால்தான் மேனேஜர் ஜானகிராமன் ஸ்கூட்டரில் வந்து, கிடங்கு வாசலில் நின்று, நான் மீன் எண்ணெய் பாட்டிலைத் தள்ளி வைக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. அக்குளில் அத்தர். அந்த அத்தரைத் தாண்டி வேர்வை நாறியது. இந்த ஆளிடம் ரெண்டு வாசனை இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்தேன்?

மறுநாள் வீட்டுக்கு வந்தார். எனக்கு மூன்று மடங்கு சம்பளம். பாவாடைக்கு பாய்லர் பக்கம் வேலை, முதலில் தினக்கூலி, எட்டு மாதம் ஒழுங்காக இருந்தால் ஆகஸ்டில் பர்மனென்ட். "ஒங்க மூக்கு இந்தக் கெடங்குல வீணாப் போவுதும்மா" என்றார். சுவர் பக்கம் படுத்திருந்த பாவாடை எழுந்து உட்கார்ந்தான். இரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு சுருக்காக எழுந்து நான் பார்த்ததில்லை.

கோவிந்தராசுவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அண்டாவைத் துடைத்துக்கொண்டே, "போ. புருஷன் சும்மா இருக்கக் கூடாது" என்றார். பிறகு, வெளியே வந்துவிட்ட என்னை வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டு, "அங்க போயும் பூ வச்சிக்காத" என்றார்.

கம்பெனியில் எனக்கு ஒரு ஷெட், ஒரு மின்விசிறி, எனக்குக் கீழே ஆறு பெண்கள். பழைய பாட்டில் வியாபாரி சாமிக்கண்ணு லாரியில் கொண்டுவந்து இறக்குவார். மிஷினுக்குப் போகும் முன்பே நாங்கள் மோந்து பிரிக்க வேண்டும். கழுவாத பாட்டில்! எச்சில், பூஞ்சை, செத்த கரப்பான், அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர். முதல் வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கிருஷ்ணாயில் பாட்டிலைக் கண்டால் அதன் அடியில் சிவப்பு பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துத் தனியாக அடுக்கச் சொன்னார் ஜானகிராமன். "புள்ளி எதுக்கு சார், ஒடச்சிடலாமே" என்றேன். "தெரியாம மறுபடி நம்ம லாரியிலயே வந்துடக் கூடாதில்ல?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. தினமும் நூறு, நூற்றைம்பது புள்ளி வைத்தேன். அழகாக வைப்பேன், குங்குமம் வைக்கிற மாதிரி. கம்பெனி பீரில் நாற்றம் நின்றுபோனது. கடைகளில் சிரிப்பும் நின்றுபோனது. அந்தக் குழகுழவென்ற தித்திப்புத் தண்ணீரைச் சனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அதில் நுரை நிற்க என்னவோ மருந்து கலப்பார்கள், திறந்தால் இருமல் டானிக் வாசனை வரும். அதற்கு என்னை யாரும் கேட்கவில்லை. என் வேலை பாட்டில் மட்டும்தான்.

எண்பத்திரண்டு மே மாதம். சாமிக்கண்ணுவின் பழைய பாட்டில் கிடங்கு வழியாக வந்தபோது, உள்ளே பெட்டி பெட்டியாகச் சிவப்புப் புள்ளி பாட்டில்களைப் பார்த்தேன். கழுவித் தலைகீழாக அடுக்கியிருந்தார்கள். அடிப்பக்கமெல்லாம் என் கை வைத்த பொட்டு. அவர் என்னைப் பார்த்ததும் சாக்கை இழுத்து மூடினார்.

மறுநாள் ஜானகிராமனிடம் கேட்டேன். அவர் பேனாவைத் திருகிக்கொண்டே, "கம்பெனிக்கு ஆகாத பாட்டில வித்துட்டோம். வாங்கினவன் எங்க கொண்டு போறான்னு நாம பின்னாடியா போவ முடியும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆகஸ்டு ஒண்ணாந்தேதி லிஸ்ட்ல பாவாட பேரு இருக்குது. மூக்க வேலைக்கு மட்டும் வச்சிக்கம்மா, வேற எதுலயும் நுழைக்காத."

ஷெட்டுக்குத் திரும்பிப் போனேன். பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். அன்றைக்கும் நூறு புள்ளி வைத்தேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி கோவிந்தராசு ஆள் அனுப்பினார். பதினாலாம் தேதி சொல்தாக்களுக்குப் பெரிய நாள். பிரெஞ்சுக்காரர்களின் அந்தத் திருநாளில் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போய், ராத்திரி தங்கள் சங்கத்தில் உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். வருஷா வருஷம் அதற்குக் கொக்கு பீர்தான். முந்நூறு பாட்டில். நான் போன பிறகும் அந்த முதல் பாட்டிலுக்கு என் தலையாட்டு வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்குக் காலையில் கருவாடு சாப்பிடாமல், தலைக்கு வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன்.

கிடங்கு அப்படியே இருந்தது. அண்டா, ஐஸ் பெட்டி, கசப்புக்குப் போடுகிற அந்தக் காய்ந்த பூவின் வாசனை. வேப்பம்பூவையும் கிச்சிலித் தோலையும் சேர்த்துக் கசக்கினால் வருகிற மாதிரி ஒரு வாசனை அது. அந்தப் பூ வாசனைக்காக மட்டும் அங்கே திரும்ப வேலைக்கு வரலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நான் உட்காருகிற பலகையில் யாரும் இல்லை.

"வேற ஆள் வைக்கலியா முசியே?"

"சின்னப்பாப்பான்னு ஒருத்திய வச்சேன். மூக்குப்பொடி போடறா, காட்டான்" என்றார். "அனுப்பிட்டேன். எட்டு மாசமா நீ பாத்து வச்ச பாட்டிலயேதான் ஓட்டினேன். காலி பாட்டில திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்த பீரு. வேத்து பாட்டில் உள்ள வுடல. ஆனா இதுக்கு முந்நூறு வேணுமே."

எழுந்துபோய் ஒரு பெட்டியை இழுத்து வந்தார். நிரப்பி, மூடி போட்டு, கொக்கு ஒட்டிய பாட்டில்கள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவரை அப்படி நான் பார்த்ததேயில்லை. ஒரு பாட்டிலை எடுத்து, சிறுபிள்ளை மாதிரி தலைகீழாகத் திருப்பி என்னிடம் காட்டினார்.

"சாமிக்கண்ணு கொண்டாந்தான். செகப்பு புள்ளி வச்சிருந்தா அஞ்சலாட்சி மோந்து பாத்த பாட்டில்னு சொன்னான். கூடப் போட்டுக் குடுத்து புள்ளி இருக்கறதா பாத்துப் பாத்து வாங்கினேன். முந்நூறும் ஒன் பாட்டில்தான்." புள்ளியைக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தார். "நீ போனாலும் ஒன் மூக்கு எனக்கு வேல செய்யுதும்மா. மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

நான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். கொஞ்சம்கூட வழியாத, வட்டமான புள்ளி. பொய்யே இல்லை, நான் மோந்து பார்த்த பாட்டில்தான். ஊரில் உள்ள பாட்டில்களிலேயே பொறுக்கிப் பொறுக்கி, ஒன்று தவறாமல், நாறுகிற முந்நூறை இந்த மனிதருக்கு நானே எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு மூன்று மடங்கு சம்பளமும் வாங்கியிருக்கிறேன். த்தூ! அந்த இடத்திலேயே துப்ப வேண்டும் போல இருந்தது. யார் மேல் துப்புவது?

அவர் மூடியைத் திறந்தார். கண்ணாடித் தம்ளரில் ஊற்றவில்லை. வழக்கப்படி பாட்டிலையே என் மூக்கடியில் நீட்டினார். முதலில் அந்தப் பூ வந்தது. பிறகு வறுத்த தானியம். அதற்குப் பின்னாலேயே, அடுப்படி மூலையிலிருந்து வருகிற மாதிரி, கிருஷ்ணாயில். மூச்சை இழுக்கக்கூடத் தேவையில்லை. அவர் கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"சொல்லு."

சொல்லலாம். சொன்னால் முந்நூறையும் இப்போதே கல்லில் அடித்து உடைப்பார், எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கமாட்டார். சங்கத்துக்குப் போய் இந்த வருஷம் பீர் இல்லை என்பார். திட்டுவார்கள், அவமானம்தான், ஆனால் பெயர் பிழைக்கும். அந்தச் சத்தம் சாமிக்கண்ணு காதுக்கு அரை மணியில் போகும். அங்கிருந்து ஜானகிராமனுக்கு. யார் சொன்னது என்று அவர் யோசிக்கக்கூட வேண்டாம். இந்த ஊரில் அதைக் கண்டுபிடிக்கிற மூக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஆகஸ்டு ஒன்றாம் தேதிக்கு இன்னும் இருபது நாள். பாவாடையின் காக்கிச் சட்டையை அன்று காலையில்தான் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். அவன் இப்போதெல்லாம் சுவர் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. கூரையைப் பார்த்துப் படுக்கிறான், ஏதாவது பேசுகிறான்.

தலை தானாக ஆடிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நான்தான் ஆட்டினேன். நன்றாக, இரண்டு தரம், அவருக்குத் தெரிகிற மாதிரி ஆட்டினேன்.

"ஏத்துங்கடா!" என்று பின்பக்கம் திரும்பிக் கத்தினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மார்க்கெட்டில் கால் கிலோ சுறா கருவாடும் இரண்டு முழம் மல்லியும் வாங்கினேன். கருவாட்டை வறுத்து வயிறு முட்டத் தின்றேன். பூவை வைத்துக்கொண்டேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம் தலையில் பூ. பாவாடை பின்னால் வந்து நின்று, "நல்லாருக்குடி" என்றான். எனக்கு மல்லி வாசனையே வரவில்லை. கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். பூவை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டேன்.

விருந்தில் நடந்ததைப் பாவாடைதான் பதினைந்தாம் தேதி ஷிப்ட் முடிந்து வந்து சொன்னான். கம்பெனி முழுக்க அதே பேச்சாம். இருநூறு கிழவர்கள் மெடலோடு எழுந்து நின்று, பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, பிரெஞ்சில் ஏதோ சொல்லி, ஒரே வாயாகக் குடித்திருக்கிறார்கள். அப்படியே ஒரே வாயாகத் துப்பியிருக்கிறார்கள். ஒருத்தர் இன்னொருத்தர் மெடல் மேலேயே வாந்தி எடுத்தாராம். யாரோ தீக்குச்சியைக் கிழித்துப் பாட்டில் வாயில் காட்டி, "பாத்து, பத்திக்கும்!" என்றிருக்கிறான். கோவிந்தராசு ஒவ்வொரு மேசையாகப் போய் ஒவ்வொரு பாட்டிலாக வாயில் வைத்துக் குடித்துப் பார்த்தாராம். "நல்லாத்தான இருக்குது, நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிக்கொண்டே போனாராம். அதைச் சொல்லும்போது பாவாடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் கையிலிருந்த கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தேன். "என்னாடி ஆச்சு ஒனக்கு?" என்றான். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு என்ன ஆகும்?

சங்கம் அடுத்த வருஷ விருந்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. கடற்கரை ஓட்டல்காரர்கள் கொக்கு பீரைத் திருப்பி அனுப்பினார்கள். மாதக் கடைசிக்குள் கிடங்கின் அண்டா அடுப்பு அணைந்தது. ஆகஸ்டு ஒன்றாம் தேதி பாவாடை பர்மனென்ட் ஆனான், வாக்கு தவறவில்லை. அதே வாரம் கம்பெனிக்குக் கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து லாரி லாரியாகப் புது பாட்டில் வந்து இறங்கியது. ஜானகிராமன் என் ஷெட்டின் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். "இனிமே பழைய பாட்டில் வேலையே கெடையாதும்மா. நீங்க லேபிள் பக்கம் போயிடுங்க" என்றார். சம்பளத்தைக் குறைக்கவில்லை. லேபிள் ஒட்டுகிற பசையின் புளித்த நாற்றத்தில் உட்கார்ந்து ஒட்டினேன். அந்தப் புது பாட்டிலுக்கு ஒரு வாசனையும் இல்லை. வாயோரம் மூக்கை வைத்தால் சும்மா இருக்கும். இந்தப் புது பாட்டிலை அவர்கள் போன வருஷமே வாங்கியிருக்கலாம். ஒரு கிழவனின் இரண்டு அண்டா அடுப்பை அணைக்கத்தான் அரை மைல் மதில்சுவருக்கு என் மூக்கு தேவைப்பட்டிருக்கிறது.

ஆகஸ்டு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பாவாடை ஷிப்டுக்குப் போயிருந்தான். நான் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சைக்கிள் ரிக்ஷாவிலிருந்து கோவிந்தராசு இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, கால்சட்டை, தொப்பி. மீசையில் நுரை இல்லை. ஆள் சுருங்கியிருந்தார். கை நிறையச் சாம்பலோடு எழுந்து நின்றேன். துப்பட்டும் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், காறி என் முகத்தில் துப்பிவிட்டால் தேவலை என்று இருந்தது. நான் இந்தத் தெருவே கேட்க அழுதுவிட்டு, அப்புறம் சோறு தின்னலாம்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சலா" என்றார். தயங்கினார். கேட்கக் கூடாததைக் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு ஒனக்குச் சளி புடிச்சிருந்துதா?"

நான் அவரைப் பார்த்தேன். கேலி இல்லை. அந்த மூஞ்சிக்குக் கேலி தெரியாது. ஒரு மாதமாக இதையேதான் யோசித்திருக்கிறார். சாமிக்கண்ணுவை யோசித்திருப்பார், கம்பெனியை யோசித்திருப்பார், கழுவின பெண்களை, தண்ணீரை, தன் கையை எல்லாம் சந்தேகப்பட்டிருப்பார். என்னிடம் வரும்போது மட்டும் அவருக்குச் சளிக்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"ஆமாம் முசியே" என்றேன். "ரெண்டு நாளாவே மூக்கடைப்பு."

அவர் தோள் இறங்கியது. பெரிய மூச்சாக விட்டார். "நெனச்சேன்" என்றார். "நெனச்சேன். அதான பாத்தேன். சொல்லியிருக்கலாமே, பைத்தியக்காரி. நான் ஏத்தாம நிறுத்தி வச்சிருப்பேனே." கோபமாகக்கூட இல்லை, சமாதானம் ஆனவர் மாதிரி இருந்தார். கால்சட்டைப் பையைத் துழாவி, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். யூகலிப்டஸ் தைலம். நான் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் இழுத்தேன். சாம்பல் கை என்று நினைத்துக்கொண்டு, வாசற்படியில் வைத்தார்.

"ராத்திரி வெந்நியில ரெண்டு சொட்டு வுட்டு ஆவி புடி. ஒரு மூக்குதான் இருக்குது, பத்திரமா வச்சிக்க" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டார். ரிக்ஷாவில் ஏறியபின் ஞாபகம் வந்தவர் போலத் திரும்பினார்.

"பிள்ளைங்க எத்தினி ஒனக்கு?"

"ரெண்டு பொண்ணு முசியே."

"ம்" என்றார். ரிக்ஷா தெருமுனை திரும்பிப் போனது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பாட்டிலை எடுத்தேன். வழக்கம், விடவில்லை: முதலில் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை. மூடியைத் திருகித் திறந்து வாயோரம் மூக்கை வைத்தேன். அது கடையில் அடைத்து விற்கிற பாட்டில் இல்லை, வீட்டில் எதற்கோ வைத்திருந்த பாட்டிலில் தைலத்தை ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார். தைலத்துக்கு அடியில் வேறு ஏதாவது வாசனை வருமா என்று தேடினேன். முழங்கை மடிப்பை மோந்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தார்.